15 நிமிடம்: ஈரல் சத்திரசிகிச்சையில் ஓர் இலக்கத்தின் கதை

ஈரலில் கட்டியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சைகளில் கடிகாரத்துக்குத் தனி மரியாதை உண்டு. ஈரலுக்குள் போகிற குருதியைக் கவ்வி போட்டு நிறுத்தியதும் ஒருவர் நேரத்தைக் குறித்துக்கொள்வார். 15 நிமிடம் ஆனதும் சொல்லுவார். கவ்வி தளர்த்தப்படும். 5 நிமிடம் குருதி ஓட விடப்படும். பிறகு திரும்பவும் கவ்வி, திரும்பவும் 15 நிமிடம். இன்று பல நாடுகளில் வழமையாகிவிட்ட நடைமுறை இது.

கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆளுக்கு இதில் என்ன வேலை எண்டு நீங்கள் கேக்கலாம். எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த இலக்கம்தான். ஏன் 15? ஏன் 10 இல்லை, ஏன் 40 இல்லை? மருத்துவத்தில் இப்படியான இலக்கங்களைப் பார்த்தால் யாரோ அளந்து, கணக்குப் பார்த்து, முடிவுகட்டி வைத்தவை எண்டுதான் நாங்கள் நினைப்பம். இந்த இலக்கத்தின் வேரைத் தேடிக்கொண்டு போனால் முதலில் வருவது கிளாஸ்கோவில் இறந்துபோன சில நோயாளிகள், பிறகு நாய்கள், பிறகு ஹனோயில் ஒரு வைத்தியரின் விரல்கள். மனித ஈரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை மனிதரில் ஒழுங்காகப் பார்த்தது 1970களின் கடைசியில்தான். அதுவரைக்கும் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஈரலைப் பற்றிக் கொஞ்சம். வளர்ந்தவர் ஒருவரின் ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் குருதி அதற்குள்ளால் போகிறது. இதயம் வெளியே தள்ளுகிற குருதியில் நாலில் ஒரு பங்கு. மற்ற உறுப்புகளுக்கு நாடி வழியாகத்தான் குருதி வரும். ஈரலுக்கு இரண்டு வாசல். ஒன்று ஈரல் நாடி. மற்றது குடல், இரைப்பை, மண்ணீரல் எல்லாவற்றிலும் இருந்து திரும்பி வருகிற குருதியைச் சேர்த்துக் கொண்டுவருகிற ஈரல் வாயினாளம். வருகிற குருதியில் நாலில் மூன்று பங்கு இந்த இரண்டாவது வழியாலேயே வருகிறது. இரண்டு குழாயும் பித்தக் குழாயோடு சேர்ந்து, ஒரு மடிப்புக்குள் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. சத்திரசிகிச்சையாளர் ஒருவர் சுட்டுவிரலையும் பெருவிரலையும் வைத்துப் பிடிக்கக்கூடிய தடிப்புத்தான் அது. இந்தக் கதை முழுக்க அந்த மடிப்பைச் சுற்றித்தான் நடக்கிறது.

ஈரலின் தசை மிருதுவானது. சாதாரணத் தையல் அதில் நிக்காது, இழுத்தால் வெண்ணெயில் நூல் போட்டமாதிரி அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஈரலில் கத்தி வைக்க ஒருவரும் துணியவில்லை என்றே சொல்லலாம். திட்டமிட்டு ஈரலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்த முதலாவது சத்திரசிகிச்சையாக வழமையாகச் சொல்லப்படுவது பேர்லினில் கார்ல் லாங்கன்பூக் செய்தது, 1888 இல் பதிவானது. நோயாளி 30 வயதுப் பெண். இறுக்கிக் கட்டுகிற இடைக்கச்சை அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்களின் ஈரலையே நசுக்கி, ஒரு துண்டைத் தனியாகப் பிரித்துவிடுமாம்! அப்படிப் பிரிந்து தொங்கின துண்டைத்தான் லாங்கன்பூக் வெட்டினார். சில மணித்தியாலத்தில் உள்ளே குருதி கசிந்து, திரும்பவும் வயிற்றைத் திறக்கவேண்டி வந்தது. அந்தப் பெண் பிழைத்தார். குருதி எண்ட சிக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

இப்ப கிளாஸ்கோவுக்கு வருவம். ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் அவுஸ்திரேலியாவில், சிட்னிக்குப் பக்கத்தில் இருக்கிற பரமட்டாவில் 1863 இல் பிறந்தவர். எடின்பரோவில் படித்து, கிளாஸ்கோ றோயல் இன்ஃபர்மரி வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தார். கப்பல் கட்டுகிற, இரும்பு உருக்குகிற தொழில் நகரம் கிளாஸ்கோ. வயிற்றில் பலமாக அடிபட்டு, ஈரல் கிழிந்து வருகிற ஆட்களை அங்கே ஒரு வைத்தியர் பார்க்காமல் இருக்க முடியாது. 1908 இல் அவர் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் எட்டு நோயாளிகளின் விபரம் வருகிறது. மூன்று பேர் சத்திரசிகிச்சைக்கு முன்னமே இறந்துபோனார்கள். ஒருவர் சத்திரசிகிச்சை வேண்டாம் எண்டு மறுத்துவிட்டார். மிச்சம் நாலு பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டு பேர் மேசையிலேயே போய்விட்டார்கள். மற்ற இரண்டு பேரும் நீண்ட நாள் இருக்கவில்லை.

வயிறு திறந்தவுடன் குருதி பொங்கி வருகிறது, எங்கே கிழிந்திருக்கிறது எண்டு கண்ணுக்குத் தெரியவில்லை, தெரியாமல் தைக்கவும் முடியாது. அந்த நேரத்தில் உதவியாளர் அந்த மடிப்பை விரல்களுக்கிடையில் பிடித்து நெரித்தார். குருதி நின்றது. பிரிங்கிள் கண்டது இவ்வளவுதான். இன்றைக்கு உலகம் முழுக்க 'பிரிங்கிள் முறை' எண்டு சொல்லப்படுவது இதுதான்.

எனக்கு இந்தக் கட்டுரையில் பிடித்த விசயம், தன்னுடைய தோல்வியை ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக அச்சில் போட்டிருப்பது. ஒருவரும் பிழைக்காத ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, ஆனால் இந்த ஒரு இடம் சரியாக வேலை செய்தது எண்டு சொல்லுகிறார். பிறகு அதை முயல்களில் செய்துபார்த்து, அங்கே கூடுதலாக வெற்றி கண்டதையும் சேர்த்து எழுதுகிறார். இன்றைக்கு ஒரு சஞ்சிகைக்கு அனுப்பினால் திருப்பி அனுப்பியிருப்பார்கள் எண்டு நினைக்கிறன். சத்திரசிகிச்சையை மறுத்த அந்த ஒரு ஆளைப் பற்றியும் யோசிக்கவேணும். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. மற்ற நாலு பேருக்கும் நடந்ததைப் பார்த்தால் அவர் எடுத்த முடிவை முட்டாள்தனம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, குருதியை நிறுத்தும் வழி 1908 இல் கிடைத்துவிட்டது. எவ்வளவு நேரத்துக்கு நிறுத்தலாம் என்ற கேள்விதான் மிச்சம். இங்கேதான் நாய்கள் வருகின்றன.

ஈரல் வாயினாளத்தைத் திடீரெனக் கட்டினால் விலங்கு இறந்துவிடும் என்பது 19ஆம் நூற்றாண்டு உடற்றொழிலியல் ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரியும். 1877 இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிக்கொலாய் எக் என்ற இளம் இராணுவ வைத்தியர் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார். வாயினாளத்தைக் கட்டுவதற்கு முன், அதற்கும் பக்கத்தில் இதயத்துக்குப் போகிற பெருநாளத்துக்கும் இடையில் ஒரு துவாரம் போட்டு இணைத்துவிட்டார். எட்டு நாய்களில் செய்தார். ஏழு நாய்கள் ஒரு கிழமைக்குள் செத்துப்போயின. எட்டாவது இரண்டரை மாதம் உயிரோடு இருந்து, பிறகு ஆய்வுகூடத்தை விட்டு ஓடிவிட்டது. (மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த நாய் அது.) அந்த ஓடிப்போன நாய் ஒரு விசயத்தை நிரூபித்துவிட்டுத்தான் போனது. குடலில் இருந்து வருகிற குருதிக்கு வேறு ஒரு வழி கிடைத்தால், வாயினாளம் அடைபட்டாலும் உயிர் உடனே போகாது. அடைபட்ட நாய்களை உடனே கொன்றது குடலுக்குள் தேங்கின குருதி. குழாயின் முன்பக்கத்தை அடைத்தால் பின்பக்கம் வீங்கும். உடம்பின் குருதியில் பெரும்பங்கு வயிற்றுக்குள் சிறைப்பட்டு, இதயத்துக்குத் திரும்பிவர ஆளில்லாமல் போய்விடும்.

இந்தப் பாடத்தைச் சத்திரசிகிச்சை உலகம் சரியாகப் பிடிக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரிங்கிளின் முறையை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் எண்டு திரும்பவும் நாய்களில் பார்த்தார்கள். 1953 இல் ரஃபூச்சி என்பவர் வெளியிட்ட ஆய்வு அவற்றில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. நாய்கள் 20 நிமிடத்தை அண்டியே தாங்கின. அதற்கு மேலே போனால் செத்தன. பாதுகாப்புக்குக் கொஞ்சம் குறைத்து 15 எண்டு வைத்தார்கள். 15 முதல் 20 நிமிடம் என்ற எல்லை பாடப்புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஒருக்கா நிண்டு யோசிச்சுப் பாருங்கோ. அந்த நாய்களின் ஈரல் 20 நிமிடத்தில் செத்ததா, அல்லது நாய்கள் குருதித் தேக்கத்தால் செத்தனவா? இரண்டும் ஒன்றில்லை. நாயின் குடல் குருதி தேங்குவதைத் தாங்காது, மனிதக் குடல் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அதாவது மனித ஈரலுக்குக் கொடுக்கப்பட்ட எல்லை நாயின் குடலில் அளக்கப்பட்ட எல்லை. இதை ஒருவர் வெளிப்படையாகக் கேட்டு, மனிதரில் பார்த்து, மாற்றி எழுத இன்னும் 25 வருடம் எடுத்தது. ஒரு இலக்கம் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதைக் கீழே இறக்குவது எவ்வளவு கஷ்டம் எண்டு வரலாறு படிக்கிற ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கால இடைவெளியில் சத்திரசிகிச்சையாளர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, முழு ஈரலையும் பட்டினி போடாமல், வெட்டப்போகிற பக்கத்துக் குழாய்களை மட்டும் வெளியிலேயே தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, ஆறுதலாக வெட்டுவது. 1952 இல் பாரிஸில் லோர்டா-ஜேக்கப் வலப்பக்க ஈரலை அப்படித்தான் எடுத்தார். மிக நேர்த்தியான முறை. மணித்தியாலக் கணக்கில் நேரம் எடுக்கும். மற்ற வழி, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, கடிகாரம் ஓடி முடிய முன்னம் வேலையை முடித்துவிடுவது. இந்த இரண்டாவது வழியின் பெரிய பெயர் தொன் தாத் துங்.

துங் 1912 இல் பிறந்தவர், ஹுவே அரச வம்சத்தோடு தொடர்புள்ள குடும்பம். ஹனோயில் மருத்துவம் படித்தார். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியில் வியட்நாமியருக்கு வைத்தியசாலைகளின் உள்ளகப் பயிற்சிக்கான பரீட்சை எழுதக்கூட இடம் இருக்கவில்லை. துங் அதை எதிர்த்து நிண்டு, 1938 இல் அப்படியொரு பரீட்சையை நடத்தவைத்து, அதில் தேறின ஒரே ஆளாக வந்தார். அதற்கு முன்னம், 1935 இல், ஒரு பிரேதப் பரிசோதனையில் அவர் பார்த்த ஈரலின் பித்தக் குழாய்களுக்குள் வட்டப்புழுக்கள் நிறைந்து கிடந்தன. அந்தப் பிரதேசத்தில் அது அபூர்வமான விசயம் இல்லை. மற்றவர்கள் அருவருப்போடு கடந்துபோகிற இடத்தில் துங் நிண்டுவிட்டார். அந்த ஈரலில் இருந்து தொடங்கி, அடுத்த சில வருடங்களில் 200க்கு மேற்பட்ட ஈரல்களைச் சுரண்டிச் சுரண்டி, உள்ளே குழாய்கள் எப்படிக் கிளைவிடுகின்றன எண்டு வரைந்துகொண்டார். 1939 இல் அது அவருடைய ஆய்வேடாக வந்தது.

பிறகு போர். துங் ஹோ சி மினின் பக்கம் போனார். காட்டுக்குள் இருந்த விடுதலைப் பிரதேசத்தில் மருத்துவம் படிப்பித்தார், 1954 இல் தியன் பியன் பூ போர்க்களத்தில் காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். ஹனோய் திரும்பி, 1960களின் தொடக்கத்தில்தான் பழைய 200 ஈரல்களின் வரைபடம் அவருக்குக் கைகொடுத்தது. அவருடைய முறை கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். அந்த மடிப்பில் கவ்வி போட்டுக் குருதியை நிறுத்து. ஈரலின் மேலுறையைக் கீறு. பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் ஈரலின் தசையை நசுக்கிப் பிரி. மிருதுவான தசை நசுங்கிவிடும். உள்ளே போகிற குழாய்கள் நாரைப்போல வலுவானவை, நசுங்காமல் விரலில் தட்டுப்படும். ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டு. எந்த இடத்தில் எந்தக் குழாய் வரும் எண்டு அவருடைய விரலுக்கு ஏற்கனவே தெரியும். மணித்தியாலக் கணக்கில் செய்த வேலை 4 முதல் 8 நிமிடத்தில் முடிந்தது. 1963 இல் லண்டன் லான்செட் சஞ்சிகையில் இது வெளிவந்தது. தாய்வானில் லின் தியன்-யூவும் 1950களின் கடைசியில் விரலால் நசுக்குகிற முறையை எழுதியிருந்தார் என்பதையும் சொல்லவேணும்.

துங்கின் வேகத்தை அவருடைய தனிப்பட்ட திறமை எண்டு மட்டும் பார்க்க எனக்கு விருப்பமில்லை. பாரிஸில் இருந்தவருக்கு மணித்தியாலக் கணக்கில் மயக்கம் கொடுக்கிற வசதி இருந்தது, வேண்டிய அளவு குருதி இருந்தது. ஹனோயில் இரண்டும் தட்டுப்பாடு. அதோடு பாடப்புத்தகம் 15 நிமிடம் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த எல்லை உண்மையா பொய்யா எண்டு வாதாடாமல், அதற்குள்ளேயே அடங்குகிற ஒரு சத்திரசிகிச்சையை அவர் உருவாக்கிவிட்டார். (அமெரிக்க விமானங்கள் தெளித்த இரசாயனத்துக்கும் வியட்நாமில் கூடிய ஈரல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் எண்டு தொடக்கத்திலேயே குரல் எழுப்பினவரும் அவர்தான். அது தனிக் கட்டுரைக்கான விசயம்.)

நாயின் எல்லையை மனிதரில் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு 1978 இல் வந்தது. பாரிஸில் குளோட் ஹூகேயும் சகாக்களும், பெரிய அளவில் ஈரலை வெட்டவேண்டியிருந்த 20 நோயாளிகளின் குருதிப் பரிசோதனைகளை வைத்து, சாதாரண உடல் வெப்பநிலையில் மனித ஈரல் குருதி இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது எண்டு எழுதினார்கள். விடை, ஒரு மணித்தியாலத்தை அண்டிய நேரம். பாடப்புத்தகம் சொன்னதைப்போல மூன்று, நாலு மடங்கு. நோயில்லாத ஈரலுக்குத் தொடர்ச்சியாக 60 நிமிடம், சிரோசிஸ் வந்து தழும்பான ஈரலுக்கு 30 நிமிடம் என்ற கணக்குகள் இதற்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தன.

சரி, அப்ப 15 எண்ட இலக்கம் செத்திருக்கவேணும். சாகவில்லை. ஏனெண்டால், ஈரல் தாங்கும் என்பதும் ஈரலுக்குச் சேதம் இல்லை என்பதும் ஒன்றில்லை.

குருதி நின்றதும் ஈரல் கலங்களுக்கு ஒட்சிசன் வராது. சக்தியைச் சேமித்து வைத்திருக்கிற ஏரிபி மூலக்கூறுகள் கரைந்துபோகும். கலங்கள் ஒட்சிசன் இல்லாமல் ஒப்பேத்தப் பார்க்கும், இலற்றிக்கமிலம் சேரும், கலத்தின் உள்ளும் வெளியும் இருக்கவேண்டிய உப்புகளின் சமநிலை குழம்பி, கலம் வீங்கும். இதுவரை ஒருவரும் ஆச்சரியப்படமாட்டார்கள். ஆச்சரியம் கவ்வியைக் கழற்றினபிறகு வருகிறது. குருதி திரும்பி ஓடுகிற அந்த நேரத்தில்தான் சேதத்தின் பெரிய பகுதி நடக்கிறது. உடைந்த ஏரிபியில் இருந்து தேங்கின பொருட்களோடு, திடீரென வந்த ஒட்சிசன் தாக்கமுற்று, கலத்தின் மென்சவ்வுகளையே அரிக்கிற மூலிகங்களை உண்டாக்குகிறது. 1985 இல் ஜோ மெக்கோர்ட் எழுதிய ஒரு கட்டுரை இந்த விளக்கத்தைப் பரவலாக்கியது. ஈரலில் இன்னொரு சிக்கல். குடலில் இருந்து வருகிற கிருமிகளையும் அழுக்கையும் விழுங்குவதற்கென்றே அங்கே குப்ஃபர் கலங்கள் எண்டு ஒரு காவல்படை இருக்கிறது. அந்தக் காவல்படை குழம்பி, எதிரி வந்ததாக நினைத்து, தன்னுடைய வீட்டையே தாக்கத் தொடங்கும். வெண்குழியங்களையும் துணைக்குக் கூப்பிடும். அதோடு, இவ்வளவு நேரமும் குடலுக்குள் தேங்கிக் கிடந்த அமிலம் கூடின குருதி ஒரேயடியாக இதயத்துக்குப் போவதால் குருதியழுத்தமும் சட்டென விழலாம்.

இதில் மிகக் கொடூரமான கணக்கு ஒன்று இருக்கிறது. வெட்டி எடுக்கிற துண்டு எப்படியும் வாளிக்குள் போகப்போகிறது, அது பட்டினி கிடந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. பட்டினியின் விலையைக் கொடுப்பது மிஞ்சுகிற துண்டு. அது ஏற்கனவே சின்னது. மிச்ச வாழ்நாளுக்கு முழு ஈரலின் வேலையையும் அதுதான் செய்யவேணும், அதோடு வளரவும் வேணும். ஈரல் வளரும் என்பது உண்மைதான், எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் வளர்ந்து பழைய அளவுக்கு வரும் எண்டு 1931 இலேயே ஹிகின்ஸும் அண்டர்சனும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வளருவதற்குக் கலம் உயிரோடு இருக்கவேணும். கவ்வி கூடுதலான நேரம் கிடந்தால், சத்திரசிகிச்சை முடிந்து சில நாளில் கண் மஞ்சளாகும், குருதி உறையாது, நோயாளி தடுமாறிக் கதைக்கத் தொடங்குவார். சத்திரசிகிச்சை அறையில் ஒரு துளியும் சிந்தாமல் வெட்டின வெற்றி, ஒரு கிழமை கழித்துத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தோல்வியாகலாம்.

அதனால் கேள்வி மாறியது. எவ்வளவு நேரம் தொடர்ந்து நிறுத்தலாம் எண்டு கேட்டவர்கள், விட்டுவிட்டு நிறுத்தினால் என்ன எண்டு கேட்கத் தொடங்கினார்கள். ஜப்பானிலும் ஹொங்கொங்கிலும் ஈரல் புற்றுநோய் வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஏற்கனவே சிரோசிஸோ நீண்டகால ஈரலழற்சியோ இருக்கும். நல்ல ஈரலை வைத்து எழுதின 60 நிமிடம் அவர்களுக்கு உதவாது. ஜப்பானின் மக்கூச்சி 1987 இல் ஈரலின் வலப்பாதி, இடப்பாதி இரண்டில் ஒன்றுக்கு மட்டும் குருதியை நிறுத்துகிற முறையை எழுதினார். ஈரல் உண்மையில் இரண்டு பாதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழாய் எண்டு 1897 இல் சொன்னவர் ஹொங்கொங்கில் வேலை செய்த ஜேம்ஸ் கான்ட்லி. சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென்னின் ஆசிரியரும் அவர்தான். 1896 இல் லண்டனில் சீனத் தூதரகத்துக்குள் அடைத்து வைக்கப்பட்ட மாணவனை வெளியே எடுக்க ஓடித்திரிந்தவரும் அவர்தான்.

1997 இல் ஹொங்கொங்கில் 100 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு வந்தது. பாதிப்பேருக்குக் கவ்வி இல்லை. பாதிப்பேருக்கு 20 நிமிடம் கவ்வி, 5 நிமிடம் ஓய்வு. கவ்வி போட்டவர்களுக்குக் குருதி இழப்புக் குறைவு, ஈரலும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அவர்களும் மொத்த நேரம் இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டுவது ஆபத்து எண்டு எழுதினார்கள். 1999 இல் பாரிஸுக்கு அருகே பெல்கிட்டியின் குழு 86 நோயாளிகளில் அடுத்த கேள்வியைக் கேட்டது. ஒரே மூச்சில் நிறுத்துவதா, 15 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் விடுவதா? விடுகிற ஒவ்வொரு தடவையும் வெட்டுவாயில் இருந்து குருதி கசியும், அதனால் வெட்டும்போது இழப்புக் கொஞ்சம் கூட. ஆனால் ஈரலின் சேதத்தைக் காட்டுகிற நொதியங்கள் தெளிவாகக் குறைவு. கொழுப்புப் படிந்த, நோயுள்ள ஈரல்களில் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

பாருங்கோ, 15 திரும்பி வந்துவிட்டது! ஆனால் இது பழைய 15 இல்லை. அப்ப அது கடைசி எல்லை, இப்ப அது மூச்சு விடுகிற இடைவேளை. நாயின் குடல் சொன்ன இலக்கத்தையே மனித ஈரல் வேறு காரணத்துக்காக ஏற்றுக்கொண்டது. இது தற்செயலா, அல்லது பழக்கத்தில் கையில் இருந்த இலக்கத்தையே எடுத்துச் சோதித்தார்களா? ஹொங்கொங்கில் 20 உம் நன்றாகத்தான் வேலை செய்தது என்பதைப் பார்த்தால், பழக்கத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது என்பது என்னுடைய எண்ணம்.

நாய்கள் இந்தக் கதைக்கு இன்னொருமுறை வருகின்றன, இந்தத் தடவை இதயத்தோடு. 1986 இல் அமெரிக்காவில் மரியும் சகாக்களும் நாயின் இதயத்துக்குப் போகிற ஒரு நாடியை 40 நிமிடம் அடைத்தார்கள். சில நாய்களுக்கு அதற்கு முன் நாலு தடவை ஐந்தைந்து நிமிடம் அடைத்து, விட்டு, அடைத்து, விட்டு, 'பழக்கி' எடுத்தார்கள். பழகின இதயங்களில் செத்த தசையின் அளவு மற்றவற்றின் நாலில் ஒன்றுதான். சின்னக் கஷ்டம் பெரிய கஷ்டத்துக்குத் தயார்படுத்துகிறது எண்டு எங்கட அம்மம்மாக்கள் சொல்லுகிற கதை, ஆய்வுகூடத்தில்! பின்னர் கிளாவியென் இதை ஈரலுக்குக் கொண்டுவந்தார். வெட்டத் தொடங்க முன் 10 நிமிடம் அடைத்து, 10 நிமிடம் விட்டு, பிறகு நீண்ட அடைப்பு. 2003 இல் வெளியான 100 நோயாளிகளின் ஆய்வில் சேதம் குறைந்தது, இளையவர்களில் கூடுதலாக. பிறகு வந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள் அவ்வளவு உற்சாகப்படவில்லை. குளிர்ச்சி இன்னொரு வழி. 1974 இல் நியூயோர்க்கில் ஃபோர்ட்னர், ஈரலை முழுதாகத் தனிமைப்படுத்திக் குளிர்ந்த திரவத்தை உள்ளே ஓடவிட்டு வெட்டினார். குளிர்ந்த கலத்துக்குப் பசி குறைவு. மாற்று ஈரல் பெட்டியில் பயணம் செய்வதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் சாதாரண ஈரல் வெட்டுக்கு இவ்வளவு ஆரவாரம் தேவைப்படுவது அபூர்வம்.

எங்கட நாட்டுக்கு இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் எல்லாம் கவ்வியைத் தாங்காத ஈரல் எண்டு திரும்பத் திரும்ப வருவது கொழுப்புப் படிந்த ஈரல். கலத்துக்குள் கொழுப்பு அடைந்திருந்தால் அது வீங்கி, பக்கத்தில் இருக்கிற நுண்குழாய்களை நெருக்கும். கவ்வி போட முன்னமே அந்த ஈரலுக்குக் குருதி ஓட்டம் மட்டு. 2009 இல் வெளிவந்த றாகம ஆய்வில், மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தது, சரியாகச் சொன்னால் 32.6 வீதம். அவர்களில் பெரும்பாலானோருக்கு ஈரலில் கத்தி வைக்கவேண்டிய தேவை ஒருநாளும் வராது. வருகிற சிலருக்கு, 60 நிமிடம் தாங்கும் எண்டு பாரிஸில் எழுதின கணக்கு பொருந்தாது. அவர்களைப் பொறுத்தவரை 15 நிமிடம் எண்டு கடிகாரம் பார்க்கிற ஆள் பழைய பழக்கத்துக்காகப் பார்க்கவில்லை.

இப்ப பல இடங்களில் போக்கு இன்னும் மாறிவிட்டது. மயக்க மருந்து நிபுணர் நாளங்களுக்குள் அழுத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார், அதனால் ஈரலில் இருந்து பின்வழியாகக் கசிகிற குருதி குறையும். ஒலி அலையாலும் மின்சாரத்தாலும் தசையைப் பிரிக்கிற கருவிகள் துங்கின் விரல்களின் இடத்தை எடுத்துவிட்டன. கவ்வி போடாமலே வெட்டக்கூடிய ஈரலுக்கு ஏன் வீணாகப் பட்டினி எண்டு கேட்கிற சத்திரசிகிச்சையாளர்கள் கூடிவருகிறார்கள். ஆனால் அப்படிக் கேட்கிறவர்களும் வெட்டத் தொடங்க முன்னம் அந்த மடிப்பைச் சுற்றி ஒரு பருத்தி நாடாவைப் போட்டு, அவசரத்துக்கு இறுக்கக்கூடிய மாதிரி ஒரு றப்பர்க் குழாய்க்குள்ளால் எடுத்துத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். சிலவேளை சத்திரசிகிச்சை முழுதும் முடிந்து, அந்த நாடா ஒருமுறைகூட இறுக்கப்படாமலே கழற்றப்படுகிறது.